பெரிய திரையில் ஒரு பழைய சிரிப்பு

செல்லப்பாவுக்குச் சினிமா எடுக்க ஆசை. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று படக் கம்பெனிக்குப் பெயரும் வைத்துவிட்டான். பணம் மட்டும்தான் இல்லை. பணக்காரத் தந்தையை எதிரில் உட்கார வைத்து, தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். பின்னணி ஓசைகளையும் அவனே வாயால் எழுப்புகிறான். கேட்கக் கேட்கத் தந்தைக்கு நடுக்கம் பிடிக்கிறது.

1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேசும் டி.எஸ். பாலையாவும் நடித்த காட்சி இது. பினாங்கில் தமிழ் படிக்கும் மாணவர் பலர் இதனைக் கைப்பேசியில் பார்த்திருப்பர். பேருந்தில் போகும்போதோ, தூங்கப் போகும் முன்போ, சில நிமிடத் துண்டாக அது கண்ணில் படும். மெல்லப் புன்னகைத்துவிட்டு, விரலால் தள்ளி அடுத்த காணொலிக்குப் போய்விடுவர். முழுப் படத்தையும் பார்க்கச் சொன்னால், "பழைய படம் ரொம்ப மெதுவாகப் போகுமே!" என்று தயங்குவர்.

அந்தத் தயக்கம் மாணவர்களின் குற்றமன்று. அவர்கள் பார்க்கும் இடம்தான் பொருந்தவில்லை. நகைச்சுவைப் படம் ஒரு கூட்டத்தை எண்ணி எடுக்கப்படுவது. அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் அதனை மதிப்பிடுவது, திடலில் ஆட வேண்டிய பந்தாட்டத்தை வரவேற்பறையில் ஆடிவிட்டுக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

ஹாலிவுட்டின் மார்க்ஸ் சகோதரர்கள் செய்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'எ நைட் அட் தி ஓபரா' படத்தின் நகைச்சுவைக் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே அவர்கள் ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்துக் காட்டினர். எந்த இடத்தில் மக்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கவனித்தனர். அடுத்த வசனம் சிரிப்பொலியில் மூழ்கிவிடக் கூடாதே! அதற்கேற்பப் படத்தில் இடைவெளி விட்டனர்.

நாகேசும் பாலையாவும் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மேடை நடிகருக்குப் பழகிப்போன கணக்கு. பேய்க்கதைக் காட்சியில் நாகேஷ் சற்றே நிறுத்தும் இடங்களில் அரங்கம் சிரிக்க வேண்டும். கைப்பேசியில் பார்ப்பவருக்கு அங்கே வெறும் அமைதிதான் கிடைக்கிறது. அதைத்தான் அவர் 'மெதுவாகப் போகிறது' என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அக்காட்சியில் ஓயாமல் பேசுபவர் நாகேஷ். ஆகவே, சிறிய திரையில் கண் அவர்மீதே நின்றுவிடுகிறது. உண்மையில் சிரிப்பின் பாதி, பேசாமல் உட்கார்ந்திருக்கும் பாலையாவிடம் இருக்கிறது. அவருடைய விழி அசைவு, கன்னத் துடிப்பு, பயத்தை மறைக்க முயன்று தோற்கும் முகம் ஆகியவை பெரிய திரையில்தான் முழுமையாகத் தெரியும். அங்கே பார்வையாளர் தம் கண்ணை எந்த முகத்தில் வைப்பது என்று தாமே முடிவு செய்யலாம். ஒரே காட்சியைப் பார்த்த இருவர் இரண்டு வேறு இடங்களில் சிரிப்பார்கள். அருகில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதும் அரங்கில் கிடைக்கும் இன்பந்தான்.

மலேசிய மாணவர்களுக்கு இந்தப் படம் அன்னியமானதன்று. இதில் கதாநாயகர்களுள் ஒருவராக அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர். பினாங்கிலேயே பிறந்த கலைஞரை எடுத்துக்கொண்டால் பி. ரம்லியைச் சொல்லலாம். 1929இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த அவர், 1950இல் தமிழரான எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். பின்னர், 1957இல் 'புஜாங் லாப்போக்' படத்தைத் தாமே இயக்கி நடித்து நாட்டையே சிரிக்க வைத்தார். அவர் பிறந்த வீடு, அவர் பெயரையே தாங்கிய சாலையில் இன்றும் பேணப்பட்டு வருகிறது. வீட்டைக் காப்பது பாராட்டத்தக்க செயல். ஆயினும், ரசிகர்கள் அவரைச் சந்தித்த இடம் திரை. அவருடைய படங்கள் தொலைக்காட்சியில் பலமுறை வந்துவிட்டன. இருந்தாலும், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே இருட்டில் அமர்ந்து சிரிக்கும் வாய்ப்பை வீட்டு வரவேற்பறை எப்படித் தரும்?

பினாங்குச் சாலையில் கேத்தே, ஓடியன் எனத் திரையரங்குகள் பெயர் பெற்று விளங்கிய காலம் ஒன்று இருந்தது. தோட்டப்புறங்களிலோ திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் இடம் பிடிப்பார்கள். இன்றைய திரையரங்குகள் பேரங்காடிகளுக்குள் இருக்கின்றன. புதிய படங்கள் வாரந்தோறும் வரிசையில் நிற்கும்போது, அறுபது ஆண்டுக்கு முந்திய படத்துக்கு யார் அரங்கு ஒதுக்குவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதே 1964இல் வெளிவந்த 'கர்ணன்' மின்னிலக்க முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் தமிழ்நாட்டில் மீண்டும் திரைக்கு வந்தபோது மக்கள் திரண்டு சென்றார்கள். புராணக் கதைக்குக் கிடைத்த அந்த மரியாதை நகைச்சுவைக்கும் கிடைக்க வேண்டும். சிரிக்க வைத்த படத்தை ஒரு படி தாழ்வாக எண்ணும் வழக்கம் தமிழரிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அது மாறியாக வேண்டும்.

பழைய நகைச்சுவை எல்லாமே பொன் என்று சொல்வதற்கில்லை. நிறத்தையும் உடல் பருமனையும் கேலி செய்த படங்கள் உண்டு. பெண்களை மட்டம் தட்டிச் சிரிக்க வைத்தவையும் உண்டு. அத்தகைய இடங்களைத் தனியே பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடலாம். அரங்கில் அது முடியாது. ஒரு காலத்தில் கைதட்டல் பெற்ற வசனத்துக்கு இன்றைய மாணவர் கூட்டம் சிரிக்காமல் மௌனமாக இருந்தால், அந்த மௌனமும் ஒரு விமர்சனமே. மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசலாம்.

திரையரங்கு நிர்வாகம் தானாக முன்வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பினாங்கில் உள்ள இடைநிலைப் பள்ளிகளின் தமிழ்மொழிக் கழகங்கள் ஒன்று சேர்ந்தால், ஒரு சனிக்கிழமைக் காலைக் காட்சியை மொத்தமாகப் பதிவு செய்யலாம். செலவு அதிகமென்றால் பள்ளி மண்டபம் போதும். படத்தின் உரிமையாளரிடம் முறையாக அனுமதி பெற்று, நல்ல புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர்கள் மட்டும் வந்தால் காட்சி முழுமை பெறாது. தாத்தா, பாட்டியையும் அழைத்து வர வேண்டும். செல்லப்பா கதை சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டி சிரிக்கத் தொடங்கிவிடுவார். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் பேரன் ஒன்றும் புரியாமல் முதலில் பாட்டியைப் பார்ப்பான். பிறகு திரையைப் பார்ப்பான்.

இடைவேளையை மறக்காமல் விட வேண்டும். தேநீர்க் குவளையோடு வெளியே வரும் மாணவர்களுள் யாராவது ஒருவர் பாலையாவைப் போல் முகத்தை வைத்துக் காட்டாமல் இருக்கமாட்டார்.