விலையோடு சேர்த்து குதிரையின் பழக்கத்தையும் கேட்போம்



ஏப்ரல் லீவு வந்தால் எமது ஊர்களிலிருந்து வேன் பிடித்து நுவரெலியா போகிறோம். கிரகரி வாவிக்கரையில் இறங்கியதும் பிள்ளைகளின் கண் முதலில் குதிரையின் மேல்தான் போகும். வாப்பா விலை பேசுவார், உம்மா படம் எடுக்க போனைத் திறப்பார், பிள்ளை ஏறிவிடும். "எவ்வளவு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் குதிரை சவாரிக்கு எவ்வளவு காலம் பழகியது, அதற்குப் பக்கத்தில் நிற்கும் குதிரை பழகியதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று சொல்ல வருகிறோம். எமது பிள்ளை ஏறியிருக்கும் குதிரை சாதுவாக இருந்தாலும், பக்கத்தில் பயிற்சியில் இருக்கும் இளம் குதிரை ஒன்று வெருண்டால் ஆபத்து இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

காரணம் குதிரையின் இயல்பு. அது கூட்டமாக வாழும் பிராணி. பயம் வந்தால் அதன் முதல் வழி ஓட்டம். ஒன்று ஓடினால் மற்றதும் ஏன் என்று பாராமல் ஓடப் பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியும். ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. தெரியாத பக்கத்திலிருந்து யாராவது வந்தால் உதைக்கக்கூடும்.

பொதுவாக மூன்று, நான்கு வயதில் குதிரைக்குச் சேணம் போட்டு ஆளை ஏற்றிப் பழக்கத் தொடங்குவார்கள். அதன் எலும்பு வளர்ச்சி முழுமையாக முடிய ஐந்து, ஆறு வயதாகும். அந்த இடைக்காலத்தில் உடம்பு பெரிய குதிரையாகத் தெரிந்தாலும் அனுபவம் குட்டியினுடையதுதான். முச்சக்கர வண்டியின் ஹோன், பலூன் வெடிக்கும் சத்தம், மழைக்குத் திடீரென விரியும் குடை, காற்றில் சரசரக்கும் ஷொப்பிங் பேக், எல்லாம் அதற்குப் புதிது. வயது கூடினாலும் ஆள் ஏறிப் பழகாத குதிரையும் இப்படித்தான்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. ஓட்டத்துக்கென உடல் தயார்படுத்தப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல். தயார்படுத்தப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டும்தான். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. சிறு பிள்ளைகளைச் சுமந்து போகும் குதிரைகளின் நடுவே பழக்கத்திலிருக்கும் குதிரையை விடக்கூடாது என்று நாம் கேட்பதும் அந்த நிதானத்தைத்தான்.

"குதிரைக்காரர் பாவம், அதுதானே அவரின் பிழைப்பு, புதுக் குதிரை எங்கேதான் பழகுவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குதிரை சனத்துக்குள்ளும் பழகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு சனம் குறைந்த காலை நேரம் இருக்கிறது, ஒதுக்கமான இடம் இருக்கிறது. முதுகில் ஏழு வயதுப் பிள்ளையோடு, நாலு குதிரைக்கு நடுவில் அது பழகத் தேவையில்லை. ஒரு பிள்ளை விழுந்தால் அவரின் பிழைப்பும் அன்றோடு பாதிக்கப்படும்.

எனவே போகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

ஏறுமுன் மூன்று கேள்வி. இது எத்தனை வருடமாகப் பிள்ளைகளை ஏற்றுகிறது? பக்கத்தில் வரும் குதிரைகளில் புதிது ஏதும் இருக்கிறதா? ஹெல்மட் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் ஏற்றாதீர்கள்.

இரண்டு குதிரைக்கும் இடையில் ஆகக் குறைந்தது ஒரு குதிரையின் நீளம், அதாவது எட்டடி இடைவெளி வேண்டும். முன்னால் இளம் குதிரை என்றால் அதை இரண்டு மடங்காக்குங்கள். முந்துவதாக இருந்தால் முதலில் அதன் ஆளுக்குச் சொல்லி, நன்றாக விலகி, நடையிலேயே போக வேண்டும். பக்கத்தால் விரட்டிக்கொண்டு போனால் அதுவும் சேர்ந்து ஓடும்.

காதைப் பின்னால் ஒட்ட மடித்து, தலையை உயர்த்தி, வாலை விசுக்கி, கண்ணின் வெள்ளை தெரிய நின்றால் அது எச்சரிக்கை. உடனே விலகுங்கள். செல்பிக்காகப் பின்பக்கம் போய் நிற்கவேண்டாம்.

இளம் குதிரை கைவிட்டு ஓடினால் கூச்சலிடவோ துரத்தவோ வேண்டாம். உங்கள் குதிரையை நிறுத்தச் சொல்லுங்கள். நடத்துபவர் கடிவாளத்தைப் பிடித்திருக்கும்போதே சிறு பிள்ளைகளை அமைதியாக இறக்கிவிடுங்கள். கயிற்றை யாரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை இழுத்தால் கையும் சேர்ந்து போகும்.

உடுப்பு விடயம் எமது பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் முக்கியம். ஷோலின் தொங்கலைச் செருகிக் கொள்ளுங்கள், அபாயா காலை வைக்கும் வளையத்தில் சிக்காமல் பாருங்கள். செருப்போடு ஏறினால் கால் வளையத்துக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். சிறு குதிகால் உள்ள சப்பாத்து நல்லது.

விபத்து நடந்தபின் "கத்ர்" என்று சொல்லி மனதைத் தேற்றலாம். நடக்குமுன் கேட்கவேண்டியதைக் கேட்பது எம்மீது உள்ள அமானிதம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்களை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

லீவுக்கு முன் உங்கள் குடும்பக் குரூப்பிலும் டூர் குரூப்பிலும் இதைப் போட்டுவிடுங்கள். அல்லாஹ் எல்லோரையும் நல்லபடி போய்வர வைப்பானாக.