கோழி வாட்டும் பையில் வந்த தரவு

மாணவர்களே, ஓர் அறிவியல் ஆய்வு எப்போது முடிகிறது? கருவி தரவைப் பதிவு செய்தவுடன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சூப்பர்பிட் தொலைநோக்கிக்கு நேர்ந்ததைப் படிக்கும்வரை.

2023 ஏப்ரலில், நியூசிலாந்தின் வானாக்காவிலிருந்து நாசாவின் ராட்சத பலூன் அதைச் சுமந்து மேலே சென்றது. சுமார் 40 நாள், 33 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி, கரும்பொருள் ஆய்வுக்காகத் தொலைதூர விண்மீன் மண்டலங்களை அது படம்பிடித்தது. மே 25ஆம் தேதி அர்ஜெண்டினாவில் தரையிறங்கியபோது பாராசூட் கழன்றுகொள்ளவில்லை. காற்று தொலைநோக்கியைத் தரையோடு மூன்று கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. அது நொறுங்கிப்போனது.

படங்கள் தப்பின. செயற்கைக்கோள் இணைப்பு பழுதானதால், குழுவினர் முன்னதாகவே இரண்டு சிறு பெட்டிகளைத் தனிப் பாராசூட்டுகளில் கீழே இறக்கியிருந்தார்கள். உள்ளே சிறு கணினி, எஸ்டி கார்டுகள், இருப்பிடம் காட்டும் கருவி. ஈரம் புகாதிருக்க, கோழி வாட்டும் பையால் சுற்றியிருந்தார்கள்! உள்ளூர்க் காவல்துறையின் உதவியோடு தேடியபோது, அருகே பனியில் பூமாவின் காலடித்தடங்கள் தெரிந்தன. கோழி வாசனை இழுத்ததோ என்னவோ! 200 கிகாபைட்டுக்கும் அதிகமான தரவு பத்திரமாகக் கிடைத்தது.

என் இறுதியாண்டு ஆய்வின் ஆறு மாத அளவீடுகள் ஒரே மடிக்கணினியில் இருந்தன. அது செயலிழந்த இரவை நான் மறக்கவில்லை. பலூனோ, பள்ளி அறிவியல் கண்காட்சியோ, திட்டம் எழுதும்போது மீட்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்களும் அந்தப் பக்கத்தை முதலில் கேட்கட்டும்.