குழந்தை வளர்ச்சியும் தலைவிதியும்

நமது நாட்டில் ஒரு குழந்தை எலும்புந்தோலுமாய் இருந்தால் அதற்குத் "தோஷம்" என்றும், "கண்ணேறு" என்றும், "மாந்தம்" என்றும் பெயரிட்டுத் தாயத்துக் கட்டுவதும் மந்திரிப்பதும் வழக்கமாய் இருந்து வருகின்றது. அக்குழந்தை என்ன தின்றது என்று கேட்பார் மாத்திரம் யாரையுங் காணோம்.

2019-21-ஆம் வருஷங்களில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதத்திற்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். இத்தனை பேர் தலையிலும் பிரமன் ஒரே மாதிரியாகவா எழுதினான்?

சங்கதி இதுதான். பிள்ளை பெற்றதும் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோயைத் தடுக்கும் சக்தி நிறைய இருக்கின்றது. அதைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் புகட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தென்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீருங்கூட வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்த பிறகோ தாய்ப்பால் மாத்திரம் போதாது. அப்போது கஞ்சித் தண்ணீரையும் ரசஞ்சாதத்தையும் ஊட்டிவிட்டுத் திருப்தியடைகின்றோம். சின்ன வயிறு, அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? மசித்த பருப்பும் கீரையும், கேழ்வரகுக் கூழும், முட்டையும், முள்ளெடுத்த மீனும் தினம் இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்திற்கு மேல் மூன்று நான்கு வேளையும் வேண்டும். முட்டை சூடு, வாழைப்பழம் சளி, வயிற்றுப்போக்குக்குப் பட்டினி என்பவைகளெல்லாம் குழந்தையின் சோற்றைப் பிடுங்குகிற சாஸ்திரங்களேயாகும்.

1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது, நல்லதே. ஆனால் கருத்தரித்தது முதல் இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாட்களில் குன்றிய வளர்ச்சியைப் பள்ளிக்கூடச் சோற்றால் முழுவதும் ஈடு செய்ய முடியாது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு உணவு கொடுத்து, தாய்மார்களுக்கும் விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். கடுமையான சத்துக்குறைவு குறைந்தது. மந்திரிக்காமலே குறைந்தது!

"அப்படியானால் தாய்மார்களின் அறியாமையே காரணம்" என்று சில கனவான்கள் கிளம்பிவிடுவார்கள். பெண்ணைப் படிக்கவொட்டாமல் அடுப்பங்கரையில் அடைத்தவர்கள் யார்? சரி, அவளுக்கு எல்லாம் தெரிந்தேயிருக்கட்டும். முட்டை வாங்கும் காசு யார் கையில் இருக்கின்றது? சீம்பால் கொடுக்கலாமா கூடாதா என்கிற உத்தரவு யார் வாயிலிருந்து வருகின்றது? மிஞ்சியதைக் கடைசியில் உண்டு, சோகையோடு பிள்ளை பெற்று, ஆறு மாதம் ஆவதற்குள் கூலிக்குப் போகிறவளுக்கு வெறும் உபதேசம் என்ன செய்யும்? அறிவும் காசும் அதிகாரமும் அவளிடத்தில் ஒன்று சேர்ந்தாலொழிய, தெரிந்த விஷயம் குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேராது.

ஆகையால் இவ்விஷயங்களைத் தகப்பனும் பாட்டியும் கூடக் கற்க வேண்டும். அங்கன்வாடியில் குழந்தையை நிறுக்கும் தினத்தில் நீங்களும் போய் எடையைப் பாருங்கள். தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தை முட்டைக்கும் பருப்புக்குமாகத் தாயின் கையில் கொடுங்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் தான் உண்ட மிச்சத்தையே மனைவிக்கு வைக்கிறவருடைய பகுத்தறிவு வாசற்படியோடு நின்றுவிட்டதென்றே சொல்லுவோம்.