தாழியும் கழிவும்

ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் தொன்மை குறித்துப் பெருமை கொள்கிறோம். அவை சில ஆயிரம் ஆண்டுகள் பழையவை. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் வேண்டும்.

அந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் மையத்தை ஐந்தாண்டுகளுக்குள் அமைக்குமாறு 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே உலை மின்சாரம் தரத் தொடங்கியது. சேமிப்பு மையத்துக்கான கெடுவோ 2018இல் நீட்டிக்கப்பட்டது. அதுபற்றி 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. கழிவு முதலில் உருவாயிற்று. மக்களைக் கேட்பது பிறகென்று ஆயிற்று.

இது நிபுணர்களின் விஷயம், ஊராருக்கு என்ன தெரியும் என்பார்கள். தொட்டி கசியுமா என்பது பொறியாளர் விடை சொல்லவேண்டிய கேள்விதான். ஆனால் கழிவு எத்தனை காலம் இங்கே இருக்கும், பிறகு எங்கே போகும், யார் காவல் என்பவை இடிந்தகரைக்காரர்களும் கேட்கவேண்டிய கேள்விகள். ஃபின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்தை மறுக்கும் உரிமையை உள்ளாட்சிக்குச் சட்டமே தந்திருந்தது. எவுராயோக்கி ஊர்மன்றம் 2000இல் வாக்களித்து இசைந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்ததால்தான் அந்த இசைவுக்கு மதிப்பு.

ஆகவே நாம் கோருவது இன்னொரு சடங்கு அன்று. ஆவணங்கள் முழுமையாகத் தமிழில் முன்கூட்டியே மக்கள் கைக்கு வரவேண்டும். அவர்களின் மறுப்புக்கும் முடிவில் இடம் வேண்டும்.