50 கிராமுக்குச் சண்டை போடுகிறவர்

பெரிய மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த மளிகை அண்ணாச்சி ஒருத்தர். மூட்டையில் 50 கிராம் குறைந்தால் போதும், லாரிக்காரரை லேசில் விடமாட்டார். எடைக்கல்லைக் கவிழ்த்து முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற ரகம். அவர் ஒரு மெமரி கார்டு வாங்கினார், சார்!

அண்ணாச்சியிடம் ஒரு குட்டி லேப்டாப். லினக்ஸ். மொத்த இடமே 32 ஜிபி. கடன் கணக்கெல்லாம் அதில்தான். மகள் கல்யாண வீடியோவையும் ஏற்றினார். 'இடம் இல்லை' என்று அடம் பிடித்தது. இந்த மாதிரி லேப்டாப்பில் சேமிப்புச் சிப்பை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். கழற்றிப் பெரிசு போட வழியில்லை. 2007-ல் 4 ஜிபியோடு வந்த ஆசஸ் ஈ பிசி காலத்திலிருந்தே இதற்குக் கைகொடுப்பது பக்கவாட்டில் இருக்கிற கார்டு ஓட்டைதான்.

பிளாட்பாரத்தில் 512 ஜிபி கார்டு 400 ரூபாய். பேரம் பேசி 350. வீடியோவை முதலில் நகர்த்தினார், அப்புறம் கணக்கை. லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து போன். "தம்பி, ஃபைல் பேரெல்லாம் இருக்கு. தொறந்தா ஒண்ணுத்தையும் காணோம். கல்யாண வீடியோ தாலி கட்டுறதுக்கு முன்னாலயே நின்னு போச்சு."

போய் 'எஃப்3' என்கிற இலவச புரோகிராமை ஓட்டினேன். கார்டு நிறைய எதையாவது எழுதி, திரும்பப் படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். நம்ம தராசு வேலைதான். ராத்திரி பூரா ஓடியது. காலையில் தீர்ப்பு: நல்லது 7 ஜிபி சொச்சம், மிச்சம் எல்லாம் பொய். உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். '512' என்று புளுகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிரம்பியதும் வருவதை வாங்கிக்கொள்கிற மாதிரி நடித்துக் கீழே கொட்டிவிடும். அழிந்ததை மீட்கலாம், எழுதவே எழுதாததை? லேப்டாப்பில் அழித்த இடத்திலோ அண்ணாச்சி பத்து நாள் பில் எழுதிவிட்டார்.

பில் போட்டு 64 ஜிபி வாங்கினோம். முதலில் எஃப்3. பிறகு 'எக்ஸ்ட்4' முறையில் ஃபார்மட், ஏனென்றால் கடையிலிருந்து வருகிற எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் ஃபைல் உரிமைகள் தங்காது. எஃப்எஸ்டேப் ஃபைலில் கார்டைப் பதியும்போது மறக்காமல் 'நோஃபெயில்' என்று சேர்த்தேன். இல்லாவிட்டால், யாராவது கார்டை உருவிய அன்றைக்கு லேப்டாப் பாதி வழியிலேயே நின்றுவிடும். கார்டு என்பது குடோன். வீடியோ, போட்டோ மூட்டைகள் அங்கே. கல்லாப்பெட்டி கடையிலேயே இருக்கட்டும். கணக்கு லேப்டாப்பில், அதன் நகல்தான் கார்டில்.

பழைய கணக்கு? அண்ணாச்சி ஒவ்வொருத்தராகப் போய், "நீ எவ்வளவு தரணும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பலருக்கு ஞாபகமறதி. பூக்கட்டுகிற அம்மா மட்டும் இவர் நினைத்ததைவிட 200 ரூபாய் கூடச் சொன்னாராம்.