நனைத்து உடைக்கும் கச்சான்: நட்டம் யாருக்கு?

கடந்த பெரும்போகத்தில் எனது வீட்டு வளவுக்குப் பின்னாலுள்ள அரை ஏக்கர் மணல் நிலத்தில் கச்சான் போட்டேன். வியாபாரிக்கு எதற்கு மண்வெட்டி என்று கேட்டவர்கள் பலர். இருபது வருடமாகக் கோதுக் கச்சானையும் உடைத்த பருப்பையும் வாங்கி விற்கின்ற எனக்கு, மூடைக்குள் வந்து சேரும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறையாவது வேரிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பார்த்துவிட்டேன். பாதி வானத்திலிருந்து வருகிறது. மீதி எங்கள் கையிலிருந்து வருகிறது.

பயிர் செய்வதில் பெரிய வித்தையொன்றும் இல்லை. இந்தி, திஸ்ஸ போன்ற விவசாயத் திணைக்கள இனங்கள் ஏறத்தாழ நூறு நாளில் பிடுங்கலுக்கு வந்துவிடும். அரை ஏக்கருக்கு இருபது கிலோ விதைப் பருப்பு போதும். பூக்கும் தறுவாயில் மண் அணைத்து ஜிப்சம் இட்டால் கோது நிறைந்து வரும். சிக்கல் பிடுங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. எங்கள் பகுதியில் பெரும்போகக் கச்சான் முற்றுவது தை, மாசியில். அப்போது மழை முழுதாக ஓய்ந்திருக்காது. இரண்டொரு செடியைப் பிடுங்கிக் கோதைப் பிளந்து, உட்புறம் கபில நிறமாக மாறியிருந்தால் தாமதிக்கக் கூடாது. குத்தாக வளரும் இந்த இனங்களின் பருப்புக்கு உறக்கநிலை கிடையாது. முற்றிய பின் மண்ணில் ஈரம் நின்றால் உள்ளேயே முளைத்துவிடும். நான் நாலு நாள் பிந்தியதில் ஒரு மூலை முழுவதும் முளைத்துப் போனது.

பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்து, பின்னர் காயை ஆய்ந்து படங்கில் பரப்பி, மாலையில் மூடி, காலையில் திறந்து ஒரு கிழமைக்கு மேல் காயவிட்டேன். குலுக்கினால் பருப்பு கோதுக்குள் ஆட வேண்டும். கடித்தால் மசியாமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். அந்தப் பதத்தில் மூடை கட்டினேன்.

உடைப்பதற்காக இரண்டு மூடையை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமியிடம் கொடுத்தேன். நல்ல மனுஷி, கணவனை இழந்தவர், பல வருடமாக இந்தக் கூலியில்தான் வீட்டை நடத்துகிறார். பின்னேரம் போய்ப் பார்த்தால் கச்சான் நனைந்து கிடக்கிறது. “என்ன மாமி இது?” என்றேன். “தண்ணி தெளிக்காட்டி நகமெல்லாம் கிழிஞ்சி போகும் மகன். பொழுதுபடு மட்டும் உடைச்சாலும் நாலு கிலோ தேறாது. எல்லாரும் இப்படித்தானே உடைக்கிறாங்க?” என்றார். ஒரு கிழமையாக மழைக்கும் பனிக்கும் ஒளித்து ஒளித்துக் காயவைத்தது ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது.

அவரில் நான் கோபிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தண்ணீரைத் தெளிக்க வைப்பது நாம்தான். உடைத்த பருப்பின் நிறைக்குத்தானே நாம் கூலி கொடுக்கிறோம்? கணக்கைப் பாருங்கள். 100 கிலோ காய்ந்த கோதுக் கச்சானில் 70 கிலோ அளவில் பருப்பு கிடைக்கும். அதன் ஈரப்பதன் 7 வீதத்திலிருந்து 12 வீதத்துக்கு ஏறினால் அதே பருப்பு 74 கிலோ நிற்கும். உடைப்பவருக்கு 4 கிலோவுக்கு மேலதிகக் கூலி. விற்பவருக்கு 4 கிலோ பருப்பின் விலை. வறுப்பவர் சட்டியில் போட்டதும் அந்த 4 கிலோவும் ஆவியாகிவிடும். தண்ணீர் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் இலாபம், கடைசியில் வாங்கியவருக்கு நட்டம்.

நட்டம் காசோடு நின்றால் பரவாயில்லை. ஈரக் கச்சானில் ஒருவகைப் பங்கசு பிடிக்கிறது. அது சுரக்கும் நஞ்சுக்கு அப்லாடொக்சின் என்று பெயர். 1960 இல் இங்கிலாந்தில் பெருந்தொகையான வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தபோது, அவற்றுக்குக் கொடுத்த கச்சான் பிண்ணாக்கில் காரணத்தைத் தேடிப் போய்த்தான் இதனைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதனை வகைப்படுத்தியுள்ளது. வறுத்தால் போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். குறையுமே தவிர முற்றாகப் போகாது. 2021 இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு இருந்ததாக வந்த செய்தி நாட்டையே கலக்கியது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று இறக்குமதியாளர்களைத் திட்டிய நாம், எங்கள் கடை மூலையில் கட்டி வைத்திருக்கும் பருப்பு மூடைக்குள் கையை விட்டுப் பார்த்தோமா?

கையை விட்டுப் பார்ப்பது சுன்னத்தான காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த மனிதர் சொன்ன காரணம் மழை. நனைந்ததை மேலே தெரியும்படி வைக்கவில்லை என்பதே அவர் மீதிருந்த குற்றம். எங்களுடையது மழைகூட அல்ல, நாங்களே தெளித்த தண்ணீர்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. ஆபிரிக்காவில் மலாவி, சாம்பியா போன்ற நாடுகளிலும் கையால் உடைக்கும் பெண்கள் கோதை நனைப்பது வழக்கம் என்றும், நஞ்சு பெருகுவதற்கு அது ஒரு காரணம் என்றும் ஆய்வாளர்கள் எழுதியுள்ளார்கள். மாலி நாட்டுக் கிராமமொன்றுக்குப் போன ஜொக் பிரண்டிஸ் என்பவர், பெண்கள் கச்சான் உடைத்துப் படும் பாட்டைக் கண்டு, மலிவான இயந்திரமொன்றைத் தேடித் தருவதாக ஒரு பெண்ணுக்கு வாக்களித்தார். தேடியும் கிடைக்காததால், பல்கேரிய மாதிரியொன்றை வைத்துத் தானே சீமெந்தில் ஒன்றை வார்த்தார். கையால் சுழற்றும் அந்த இயந்திரம் மணிக்கு 50 கிலோ வரை உடைக்கும் என்கிறார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த கச்சானைப் போட வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை.

நானும் கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டி உடைக்கும் இந்திய மாதிரி இயந்திரமொன்றை வாங்கினேன். குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். சல்லடைக் கண் காயின் பருமனுக்குப் பொருந்தாவிட்டால் சிறிய காய் உடையாமல் விழும், பெரியதின் பருப்பு நொறுங்கும். ஆகவே முதலில் காயைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதிகம் காய்ந்தால் பருப்பு பிளக்கிறது என்று இயந்திரக்காரர்களும் தண்ணீர் தெளிப்பதுண்டு. அப்படித் தெளித்தால் அன்றைக்கே பருப்பைத் திரும்பவும் காயவைக்க வேண்டும். அதை யார் செய்கிறார்கள்? பிளந்தது கச்சான் அல்வாவுக்குப் போகட்டும், தண்ணீர் வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம்.

இயந்திரம் வந்தால் அந்த ஏழைப் பெண்களின் பிழைப்பு என்னாவது என்று சகோதரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனது இயந்திரம் கடையில் இல்லை, மாமியின் வளவில் இருக்கிறது. அவரும் மகளும் உடைக்கிறார்கள், அடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் சுளகில் புடைத்துச் சொத்தையும் பங்கசு பிடித்ததும் பொறுக்குகிறார்கள். பொறுக்கும் வேலையை இயந்திரம் செய்யாது. அதற்கும் கூலி உண்டு. பொறுக்கிய சொத்தை அடுப்புக்குத்தான் போக வேண்டும், பொடியாக்கிச் சம்பலுக்கு விற்பவர்கள் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளட்டும்.

கூலியை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். இப்போது பருப்பின் நிறைக்கு அல்ல, நான் நிறுத்துக் கொடுக்கும் கோதின் நிறைக்குக் கூலி. காய்ந்தது காய்ந்தபடி வந்தால் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. இயந்திரம் இல்லாதவர்களுக்கு இது இன்னும் அவசியம். தண்ணீர் தெளிக்காமல் உடைத்தால் வேலை மெதுவாகும், நகமும் நோகும், அந்த நட்டத்தை அந்தப் பெண்ணின் தலையில் போட முடியாது. எனக்கு இதனால் செலவு கூடியது உண்மை. ஆனால் வறுத்து விற்கும் இரண்டு பேர் சட்டியில் நிறை குறையாததைக் கண்டுவிட்டு இப்போது என்னிடம் மட்டுமே எடுக்கிறார்கள்.

வாங்கும் சகோதரர்களுக்கு ஒன்று. பத்துக் கிலோ கோதுக்கு ஏழரை, எட்டுக் கிலோ பருப்பு திரும்பி வந்தால் சந்தோசப்பட்டுவிடாதீர்கள், கையை விட்டுப் பாருங்கள். முடிந்தவரை கோதோடு வாங்கிக் கோதோடு வையுங்கள், ஓடர் வந்த அளவுக்கு மட்டும் உடைப்பியுங்கள். விதைக்கு வைப்பதை மட்டும் இயந்திரத்தில் போட வேண்டாம். தோல் உரிந்தால் நன்றாக முளைக்காது. அடுத்த போகத்துக்கான எனது இருபது கிலோவும் கோதுக்குள்ளேதான் இருக்கிறது. நடுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமி கையால் உடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ், தண்ணீர் இல்லாமல்.