செவிலியர் கல்லூரிக்குப் புறப்படும் முன்...

சகோதரியே, மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்க்க எண்ணமா? விண்ணப்பம் எழுதும் நாளிலேயே அவளது தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள்.

வார்டில் தவறிக் குத்தும் ஓர் ஊசியே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடலுள் செலுத்திவிடக் கூடும். இதற்கான தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்குப் பின் 1 மாதம் கழித்து ஒன்றும், 6 மாதம் கழித்து மற்றொன்றும் போடவேண்டும். அடுத்த 1, 2 மாதங்களில் இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பாற்றல் உருவாகியுள்ளதா என உறுதிசெய்தல் நலம். கல்லூரி திறக்கும் வாரத்தில் ஓடினால் இதெல்லாம் ஆகுமா? இடையில் தவணை தவறியிருந்தால் கவலை வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள், காசநோய்ப் பரிசோதனை ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பிறர் பிணி தீர்க்கச் செல்லும் பிள்ளை தானும் நலமாய்த் திரும்ப வேண்டுமன்றோ!